இரண்டாவது வயலின் வரிசையில் உட்காரப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் இந்தப் பெரியப்பாவுக்கு வந்து சேர்ந்தது. கோடை விடுமுறையில் வெளிநாட்டில் நடக்கும் இளைஞர் ஆர்க்கெஸ்ட்ரா முகாமுக்கு நீ தேர்வாகியிருக்கும் சந்தோஷத்தை முதல் வரியிலும், உன்னை முதல் வயலின் பிரிவில் சேர்க்காமல் இரண்டாவது வயலின் பிரிவில் போட்டுவிட்டார்கள் என்ற மனக்குறையை அடுத்த வரியிலும் எழுதியிருக்கிறாய். கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறாய்: பாஷையும் பயிற்சியும் வேறான பல தேசத்துப் பிள்ளைகளைச் சில வாரங்கள் ஒன்றாக உட்காரவைத்து ஒரு கச்சேரி செய்வதால் என்ன பிரயோஜனம், உலகப் பிரசித்தி பெற்ற இசையமைப்பாளர்கள் தம் காலத்தை அதில் ஏன் செலவிடவேண்டும் என்று. உன் குறைக்கும் கேள்விக்கும் சமாதானம் ஒன்றே என்பது என் அபிப்பிராயம். அதை உபதேசமாகச் சொன்னால் உனக்குக் கொட்டாவி வரும் என்பதால், லெனார்ட் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் வாழ்க்கையிலிருந்து சில சம்பவங்களைச் சொல்லி விளக்குகிறேன்.

1918ஆம் ஆண்டு மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் லாரன்ஸ் என்ற ஊரில் பிறந்த பெர்ன்ஸ்டைன், 1957இல் அரங்கேறிய 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' என்ற இசை நாடகத்தால் பாமரருக்கும், மூன்று சிம்பொனிகளால் பண்டிதருக்கும், நியூயார்க் பில்ஹார்மோனிக்கின் தலைமை நடத்துநராக 1958 முதல் 1969 வரை இருந்ததால் கச்சேரி ரசிகர் அனைவருக்கும் தெரிந்தவரானார். இயற்றுவதற்குப் போதிய அவகாசம் கிடைக்கவில்லையே என்ற ஏக்கம் கடைசிவரை அவரை விடவில்லை. அப்படிப்பட்டவர் அநேகமாகக் கோடைதோறும் மாணவர்களோடு போய் உட்கார்ந்தார் என்றால், அந்தப் பழக்கத்தின் வேர் அவருடைய மாணவப் பருவத்திலேயே இருந்தது.

1940ஆம் ஆண்டு ஜூலை மாதம், பாஸ்டன் சிம்பொனியின் தலைவரான செர்கே கூஸெவிட்ஸ்கி, தம் குழுவின் கோடைக்கால உறைவிடமான டாங்கிள்வுட்டில் ஒரு சங்கீதப் பள்ளியை ஸ்தாபித்தார். அதன் முதல் வருஷத்து மாணவர்களில் ஒருவர் பெர்ன்ஸ்டைன். தேர்ந்த ஆர்க்கெஸ்ட்ராவின் மூத்த வித்வான்கள் அருகிலிருந்து கற்பிக்க, இளைஞர்கள் தாங்களே ஒரு ஆர்க்கெஸ்ட்ராவாகச் சேர்ந்து பெரிய கிருதிகளை அப்பியாசம் செய்து ஜனங்களின் முன் வாசிப்பது என்பதே அங்கே கையாண்ட முறை. இன்று உலகெங்கும் நடக்கும் இளைஞர் விழாக்களில் பல இந்த முறையையே ஏதோ ஒரு வகையில் பின்பற்றுகின்றன. குரு காலமான பிறகு, அவர் கொடுத்த சட்டைக்கைப் பொத்தான்களைக் கச்சேரி மேடை ஏறுமுன் ஒவ்வொரு முறையும் முத்தமிடுவது சிஷ்யரின் வழக்கமாயிற்று. வாங்கிக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்க குரு இல்லாதபோது, அடுத்த தலைமுறையிடம் கொடுப்பதுதான் கடன் தீரும் வழி என்று அவர் கருதியிருக்கவேண்டும்.

அந்தக் கடனை அவர் தீர்த்த விதத்தை மூன்று ஊர்களைக் கொண்டு சொல்கிறேன்.

முதலாவது ஹிரோஷிமா. அணுகுண்டு விழுந்து நாற்பது வருஷம் பூர்த்தியான 1985 ஆகஸ்டில், ஐரோப்பிய சமூக நாடுகளின் இளைஞர் ஆர்க்கெஸ்ட்ராவை அழைத்துக்கொண்டு, ஏதென்ஸ், ஹிரோஷிமா, புடாபெஸ்ட், வியன்னா ஆகிய நகரங்களுக்குச் சமாதான யாத்திரை ஒன்றை அவர் மேற்கொண்டார். அந்தப் பிள்ளைகளில் பலருடைய தாத்தாக்களும் தகப்பன்மார்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள் என்பதை நினைத்துப் பார். அவர்கள் கையில் பெர்ன்ஸ்டைன் கொடுத்தது தாமே இயற்றிய 'கடிஷ்' என்னும் மூன்றாவது சிம்பொனியை. இறந்தவர்களுக்காக யூதர்கள் சொல்லும் பிரார்த்தனையின் பெயரைத் தாங்கி, 1963இல் கொலையுண்ட ஜனாதிபதி கென்னடியின் நினைவுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட அந்தக் கிருதியில், ஒரு குரல் கடவுளோடு வழக்காடுகிறது, கோபிக்கிறது, பிறகு சமாதானமாகிறது. அதே யாத்திரையில் தொமிகோ கொஜிபா என்ற ஜப்பானியப் பெண்மணி இயற்றிய 'ஹிரோஷிமா ரெக்வியம்' என்ற படைப்புக்கும் இடம் தரப்பட்டது. பிள்ளைகள்தானே, இலேசான ஒன்றை வாசித்துவிட்டுப் போகட்டும் என்று எண்ணுகிற மனிதர் இப்படிப்பட்ட பாரத்தை அவர்கள் தோளில் ஏற்றமாட்டார்.

இரண்டாவது ஊர் ஜெர்மனியின் வடகோடியில் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் பிரதேசத்திலுள்ள ஸால்ஸௌ. 1986இல் பியானோ வித்வான் யுஸ்டுஸ் ப்ரான்ட்ஸ் தொடங்கிய இசை விழாவின் அங்கமாக, மறு வருஷம் அங்கே ஒரு பழைய மாளிகையில் சர்வதேச இளைஞர் ஆர்க்கெஸ்ட்ரா அகாடமி ஏற்பட்டது. அதன் பிள்ளைகளுக்குப் பெர்ன்ஸ்டைன் எடுத்துக்கொண்ட பாடம், 1913இல் பாரிஸில் அரங்கேறிய அன்று சபையில் பெருங்கலவரத்தை உண்டாக்கிய ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தச் சடங்கு'. அதில் ஓரிடத்தில் தந்தி வாத்தியங்கள் ஒரே கோர்வையான ஸ்வரங்களை, வில்லை ஒவ்வொரு தரமும் கீழ்நோக்கியே இழுத்து, மீண்டும் மீண்டும் அடிக்கும். எட்டு ஹார்ன்கள் எதிர்பாராத இடங்களில் சேர்ந்துகொண்டு சில அடிகளுக்கு மட்டும் அழுத்தம் கொடுக்கும். தாளத்தை எண்ணிக்கொண்டே தன் ஏட்டை மட்டும் பார்த்து வாசிக்கிறவனுக்கு அந்த அழுத்தங்கள் இடறல்களாகத் தோன்றும். ஆனால் அழுத்தம் எதிர்பார்த்த இடத்தில் விழாததே அந்த இடத்தின் ஜீவன் என்று உணர்ந்து, ஹார்ன்காரனின் மூச்சைக் காதால் பின்தொடர்கிறவனுக்கு அதே பக்கம் நடனமாகிவிடும். ஒரு ஸ்வரம் எப்படி வாசிக்கப்படவேண்டும் என்பதை நல்ல நடத்துநர் எவரும் சொல்லக்கூடும். அது அங்கே எதற்காக வைக்கப்பட்டது என்பதையோ, காலிக் காகிதத்தின் முன் தானும் உட்கார்ந்து அவதிப்பட்ட ஒருவர் சொல்லும்போதுதான் உறைக்கும். இயற்றுகிறவர்கள் இளைஞர்களிடம் போவதால் விளையும் விசேஷ லாபம் இது.

மூன்றாவது ஊர் ஜப்பானின் வடதீவிலுள்ள சப்போரோ. பசிபிக் சமுத்திரத்தைச் சுற்றியுள்ள தேசங்களின் இளைஞர்களுக்கென ஒரு விழா நடத்தப் பெர்ன்ஸ்டைன் முதலில் உத்தேசித்த இடம் பெய்ஜிங். 1989இல் தியானன்மென் சதுக்கத்தில் நேர்ந்த துயரத்துக்குப் பின் அந்த இடம் கைவிடப்பட்டு, 1990 கோடையில் விழா சப்போரோவில் தொடங்கியது. லண்டன் சிம்பொனியும், சிஷ்யர் ஸ்தானத்திலிருந்த மைக்கேல் டில்ஸன் தாமஸும் துணை நின்றார்கள். பெர்ன்ஸ்டைனின் சுவாசகோசம் அப்போதே பழுதாகியிருந்தது. இருந்தும் அவர் இளைஞர்களோடு அப்பியாசம் செய்யத் தேர்ந்தது ஷூமானின் இரண்டாவது சிம்பொனி. மனம் கலங்கி நோயுற்றுக் கிடந்த ஷூமான், மெல்லத் தேறிக்கொண்டிருந்த 1845, 1846ஆம் வருஷங்களில் எழுதியது அது.

இனி உன் மனக்குறைக்கு வருகிறேன். அந்த சிம்பொனியின் இரண்டாம் பாகத்தில் முதல் வயலின்கள் மூச்சுவிடாமல் அதிவேகமாக ஓடும். ஆர்க்கெஸ்ட்ராக்களில் வேலை தேடுகிற வயலின்காரர்களைப் பரீட்சிக்க அந்தப் பக்கத்தைக் கொடுப்பது இன்றும் வழக்கம். கேட்கிறவர்கள் வியப்பது அந்த ஓட்டத்தைத்தான். ஆனால் அதன் அடியில் மற்றத் தந்திகள் இடுகிற சின்னஞ்சிறு அடிகள் மயிரிழை பிந்தினாலும் மேலே ஓடுகிறவர்களின் கால் தடுக்கும். நம் நாகஸ்வரக் கோஷ்டியில் முன்பெல்லாம் ஒத்து ஊதுகிறவர் இல்லாமல் எந்த மகா வித்வானும் ஆலாபனையைத் தொடங்கமாட்டார். ஒத்துக்காரரின் பெயரை யாரும் கேட்டதில்லை என்றாலும், சுருதி அவரிடந்தான் இருந்தது. இரண்டாவது வயலினும் அத்தகையதே. முதல் வரிசையில் இருப்பவர்கள் தங்கள் ராகத்தையே கேட்டுக்கொண்டு காலத்தைக் கழித்துவிடலாம். உனக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. மேலே செல்லும் வயலினையும் கீழே வரும் வயோலாவையும் ஏக காலத்தில் கேட்டால்தான் உன் ஸ்வரம் பொருந்தும். ஆகவே பலர் சேர்ந்து வாசிக்கும் வித்தையை வேகமாகக் கற்க ஏற்ற ஆசனம் உனக்கே வாய்த்திருக்கிறது.

இதனால் யாருக்குப் பிரயோஜனம் என்றாயே, அதற்கு ஒரு பெண்ணைச் சாட்சியாகச் சொல்கிறேன். பெர்ன்ஸ்டைன் 1958 முதல் 1972 வரை நியூயார்க்கில் இளைஞர்களுக்கென்று ஐம்பத்து மூன்று தொலைக்காட்சிக் கச்சேரிகள் நடத்தினார். அவருடைய இளைஞர் கச்சேரியொன்றுக்குத் தந்தையோடு போன ஒன்பது வயதுச் சிறுமி மரின் ஆல்ஸப், தான் நடத்துநராவது என்று அன்றே தீர்மானித்தாள். அவளும் உன்னைப்போல் வயலின் கற்றவள். பின்னர் டாங்கிள்வுட்டில் அவரிடமே பாடங்கேட்டு, 2007இல் பால்டிமோர் சிம்பொனியின் தலைமையை ஏற்றாள். அமெரிக்காவின் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண்மணி அவள்தான். மறு வருஷமே அந்நகரத்து ஏழைக் குழந்தைகளுக்கு வாத்தியம் கற்பிக்கும் திட்டமொன்றையும் தொடங்கினாள். கூஸெவிட்ஸ்கியிடமிருந்து பெர்ன்ஸ்டைன் வாங்கியது எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது, பார்த்தாயா?

1990இல் சப்போரோவிலிருந்து திரும்பியபின், அந்த ஆகஸ்டில் டாங்கிள்வுட் மாணவர்களைக் கொண்டு கோப்லண்டின் மூன்றாவது சிம்பொனியைப் பெர்ன்ஸ்டைன் நடத்தினார். சில நாட்களில் தம் கடைசிக் கச்சேரியையும் அங்கேயே முடித்து, அக்டோபர் 14ஆம் தேதி காலமானார். மிச்சமிருந்த கொஞ்ச மூச்சையும் மாணவர்களுக்குச் செலவிட்டது நஷ்டக் கணக்கா, லாபக் கணக்கா என்று நீயே போட்டுப் பார்.

புறப்படுமுன் நீ செய்யவேண்டியவை அதிகமில்லை. உன் பகுதியை விரல் தடுமாறாதபடி சாதகம் செய்துகொள். அங்கே போய் விரல் பழகுவது பக்கத்து ஆசனக்காரர்களுக்குச் செய்யும் துரோகம். பிறகு, வாசிக்கப் போகும் கிருதியின் முழு ஸ்கோரை வாங்கி, உனக்கு ஓய்வு வரும் இடங்களில் யார் வாசிக்கிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொள். பாஷை தெரியாத தேசத்துப் பிள்ளை பக்கத்தில் அமர்ந்தால், பேச்சு வரட்டும் என்று காத்திராமல், அவன் வில்லைப் பார்த்து உன் வில்லை இழு.

முகாமிலிருந்து எழுதும் முதல் கடிதத்தில் நீ எப்படி வாசித்தாய் என்பதை எனக்கு எழுதவேண்டாம். நீ வாசித்துக்கொண்டிருந்தபோது வயோலாக்காரர்கள் என்ன வாசித்தார்கள் என்று எழுது. அதை உன்னால் சரியாக எழுத முடிந்தால், செலவழித்த பணமும் காலமும் பலித்துவிட்டன என்று உன் அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆசிகளுடன்,
உன் பெரியப்பா