தகரத்துக்காகப் பிறந்த ஆஃப்செட்

கேள்வி: இயந்திரங்களில் பொருத்தும் பெயர்த் தகடுகளை அலுமினியத்தில் இங்க்ஜெட் மூலம் அச்சடிக்கிறோம். அடிக்கடி கீறல் விழுகிறது. தகட்டைக் கெடுக்காமல் அச்சடிக்கும் முறையை முதலில் யோசித்தவர் யார்?
– ஒரு வாசகர், கோவை

பதில்: இங்கிலாந்துக்காரர் ராபர்ட் பார்க்ளே. அன்று அங்கே பிஸ்கட் விற்றவர்களுக்குத் தகர டப்பாவின் மேல் வண்ணப்படம் வேண்டியிருந்தது. கையிலிருந்ததோ கல்லச்சு. கல்லும் கெட்டி, தகரமும் கெட்டி. காகிதமாவது அமுங்கிக்கொடுக்கும், தகரம் கொடுக்காது. மை திட்டுத்திட்டாகத்தான் ஒட்டும். 1875இல் பார்க்ளே காப்புரிமை பெற்ற எந்திரத்தில், பக்குவப்படுத்திய அட்டை சுற்றிய உருளை ஒன்று இடையில் புகுந்தது. கல்லிலிருந்து படத்தை அது வாங்கித் தகரத்துக்குக் கொடுத்தது. அட்டையின் இடத்துக்குப் பிறகு ரப்பர் வந்தது.

ஆஃப்செட் எனப்படும் இந்த உத்தி காகிதத்துக்கு வரக் கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் ஆயின. அதுவும் தற்செயலாக! அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஐரா ரூபெலின் அச்சகத்தில் தாள் விடாமலே எந்திரம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால், படம் தாளை அழுத்தும் உருளையின் ரப்பர் உறையில் பதிந்து, அடுத்த தாளின் பின்பக்கத்தில் விழும். கல்லிலிருந்து நேரே விழுந்ததைவிட அது தெளிவாக இருப்பதைப் பார்த்த ரூபெல், 1904 வாக்கில் அதற்கென்றே எந்திரம் அமைத்தார். சிவகாசியில் காலண்டர் அடிக்கும் ஆஃப்செட்டுக்கும் பூர்வீகம் இதுதான்.

உங்கள் இங்க்ஜெட்டோ தகட்டைத் தொடுவதே இல்லை; ஹெட்டுக்கும் தகட்டுக்கும் ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மைத்துளியைத் தெளிக்கிறது. ஆகவே சாதாரணமாகக் கீறல் அச்சில் விழுவதில்லை. ஆனால் தகடு லேசாக வளைந்திருந்தாலோ, வெட்டிய விளிம்பில் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலோ ஹெட் உரசும். தகடு மட்டுமல்ல, விலையுயர்ந்த ஹெட்டும் போய்விடும். பிசிறை முதலில் ராவிவிடுங்கள். பலரும் தகட்டின் நடுவில் அளந்து ஹெட் உயரத்தை வைக்கிறார்கள். மேடான இடத்தில் அளப்பதே சரி.

மற்றபடி குற்றவாளி பெரும்பாலும் நம் கைதான். மேலே ஒட்டிவரும் பிளாஸ்டிக் படலத்தை அச்சடிப்பதற்குச் சற்றுமுன் உரியுங்கள். உரித்த தகட்டை மேசையில் இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள். விரல்பட்ட இடத்தில் பிசுக்கு இருந்தால் மை பிறகு பெயர்ந்துவரும். பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். உலோகம் மையைக் குடிக்காது, மை மேலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் புற ஊதா ஒளியில் காயும் யூவி மை உடனே காய்ந்துவிட்டதே என்று தகடுகளை வெறுமனே அடுக்காதீர்கள்; நடுவில் ஒரு தாளாவது வையுங்கள்.