ஒரே கேபின், ஒரே தட்டு

கேள்வி: நான் நாமக்கல் லாரி டிரைவர். என்னோடு மாற்று டிரைவராக வருபவருக்கு எச்.ஐ.வி. இருப்பது இப்போதுதான் தெரிந்தது. ஒரே கேபினில் தூங்குகிறோம், ஒரே தட்டில் சாப்பிடுகிறோம். எனக்கும் தொற்றுமா? ஓனரிடம் சொல்லிவிடலாமா?

பதில்: தொற்றாது. தட்டு, போர்வை, வியர்வை படிந்த ஸ்டியரிங், கொசுக்கடி எதனாலும் இது பரவாது. சவர பிளேடை மட்டும் அவரவர் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஓனரிடம் சொல்லாதீர்கள். அதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் நண்பரின் முடிவு. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் வேலையில் பாரபட்சம் காட்டுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

நீங்கள் கவலைப்பட வேண்டியது அவருடைய மாத்திரையைப் பற்றித்தான். அரசின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையங்களில் அது இலவசம். தினமும் தவறாமல் சாப்பிட வேண்டும். குவாஹாத்தி லோடு ஏற்றிப் போய், திரும்ப லோடு கிடைக்காமல் நாள்கணக்கில் காத்துக் கிடப்பது உங்களுக்குத் தெரியாததா? புறப்படும் முன்பே கூடுதல் நாட்களுக்கு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம்கூட அவரிடமிருந்து பரவாது.

இன்னொன்று. இன்ஜின் சூடு உடம்பில் ஏறிவிடும், பெண்ணிடம் போனால்தான் தணியும் என்ற பேச்சு லாரித் தொழிலில் வெகுகாலமாக உண்டு. அது முழுப் பொய். அந்தச் சூட்டுக்குத் தண்ணீரும் தூக்கமும் போதும். ஆளைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கவும் முடியாது, ஆணுறைதான் பாதுகாப்பு. அது இல்லாமல் உறவு நேர்ந்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். பழைய சந்தேகம் இருந்தால் நம்பிக்கை மையத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம், ரகசியம் காப்பார்கள். வழியில் எந்த ஊரில் இருந்தாலும் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்கு போன் செய்யலாம்.