பழைய குட்டி யானையும் மைலேஜ் கொடுக்கும்!

சொந்தமாகக் குட்டி யானையோ பொலிரோ பிக்கப்போ வைத்துப் பிழைக்கிற வீடுகளில் அரிசி, பருப்பை விடப் பெரிய செலவு டீசல்தான். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி, லிட்டருக்கு 14 கொடுக்கிற இடத்தில் 16 கொடுத்தால் ஏறக்குறைய 18 லிட்டர் மிச்சம். விலையால் பெருக்கிப் பாருங்கள், சந்தோஷமாக இருக்கும்! வண்டி பழசாச்சே என்று இன்ஜினைப் பிரிக்க ஓட வேண்டாம். காசே இல்லாத வேலைகளை முதலில் முடித்துவிட்டு, மிச்சத்துக்கு மெக்கானிக்கிடம் போகலாம்.

1. முதலில் வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று தெரிய வேண்டும். பம்ப் தானாக நிற்கிற வரை நிரப்பி மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 300 கிலோமீட்டர் போல ஓடிய பின் அதே பங்க்கில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். மீட்டர் கேபிள் அறுந்து கிடந்தால் அதை மாற்றுவதுதான் முதல் வேலை.

2. கீழே சொல்வதையெல்லாம் ஒரே நாளில் செய்யாதீர்கள். ஒரு டேங்குக்கு ஒரு மாற்றம் என்று போனால், எதனால் மைலேஜ் கூடியது என்று பளிச்செனத் தெரியும். வேலைக்கு ஆகாததற்குக் காசு போடுவதும் மிச்சம்.

3. பங்க்கில் அளவு குறைகிறதோ என்று சந்தேகமா? 5 லிட்டர் அளவுப் பாத்திரம் ஒவ்வொரு பங்க்கிலும் இருக்க வேண்டும். அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.

4. காற்றைக் காலையில், டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடத்தான் காட்டும்; அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் குறைவான காற்றோடு ஓட்ட வேண்டி வரும். முன்னுக்கும் பின்னுக்கும், வெறும் வண்டிக்கும் லோடு வண்டிக்கும் அளவு வேறு என்பதால் கம்பெனி சொன்ன அளவை எழுதிக் கேபினுக்குள் ஒட்டிவையுங்கள்.

5. முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்காக, உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிருந்து உள்ளே ஒருமுறை தடவுங்கள். ஒரு பக்கம் வழவழவென்றும் மறுபக்கம் ரம்பம் மாதிரி சொரசொரவென்றும் பட்டால் அலைன்மென்ட் போயிருக்கிறது. டயரை இழுத்துக்கொண்டே ஓடுகிற வண்டி டீசலையும் தின்னும், ரப்பரையும் தின்னும்.

6. பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடுவது பழைய வண்டிகளின் பெரிய வியாதி. ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையைச் சற்றுத் தள்ளிக் காட்டுங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அதை ஜாக்கி போட்டுக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். தாராளமாகச் சுற்றாவிட்டால் பிரேக்கையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் பார்க்கச் சொல்லுங்கள். வீல் பேரிங்குக்குக் கிரீஸ் வைக்கவும் அதுதான் நேரம்.

7. எம்-சாண்டு, செங்கல், குவாரிப் பக்கம் போகிற வண்டி என்றால் ஏர் ஃபில்டர் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். கம்பெனி சொன்ன கணக்குக்குக் காத்திருக்காதீர்கள். காகித ஃபில்டருக்குள் பல்பைப் பிடித்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். காற்றடித்தால் உள்ளிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாக அடிக்க வேண்டும். தண்ணீரில் அலசுவது, தரையில் ஓங்கித் தட்டுவது இரண்டும் வேண்டாம்.

8. இன்ஜின் சூடாகிறது என்று எப்போதோ ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்திருப்பார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி என்றால் கண்டிப்பாகக் கேட்டுப் பாருங்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும். குளிர்ந்த இன்ஜினில் டீசல் சரியாக எரியாது, ஆயிலும் கெட்டியாகவே நிற்கும். ரேடியேட்டர் அடைப்பை எடுத்துவிட்டு, புது வால்வை மாட்டுவதே சரியான வைத்தியம்.

9. புகையின் நிறத்தைக் கவனியுங்கள். கறுப்பு என்றால் டீசல் எரியாமல் போகிறது: ஏர் ஃபில்டர், நாஸில், பம்ப் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இழுவைக்காகப் பம்ப்பில் டீசலைக் கூட்டி வைத்திருந்தாலும் கறுப்பாகத்தான் தள்ளும்.

10. ராத்திரி வண்டியை நிறுத்தும்போது இன்ஜினுக்கும் டேங்குக்கும் கீழே பழைய நியூஸ்பேப்பரை விரித்து, பறக்காமல் கல் வையுங்கள். காலையில் ஈரம் எந்த இடத்துக்கு நேராக இருக்கிறதோ அங்கேதான் கசிவு; டீசலா ஆயிலா என்று வாசனையே சொல்லும். அப்படியே டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தி, சேர்ந்திருக்கும் தண்ணீரையும் வடித்துவிடுங்கள்.

11. கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிற பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். மேட்டில் ஹாஃப் கிளட்ச்சில் நிறுத்திப் பிடிப்பதற்குப் பதில் ஹேண்ட் பிரேக் போடலாம். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

12. பழைய டீசல் குட்டி யானையில் (டாடா ஏஸ்) இருப்பது 2 சிலிண்டர், 700 சிசி இன்ஜின். அதை விரட்டவும் கூடாது, டாப் கியரில் போட்டுத் திணறடிக்கவும் கூடாது. இன்ஜின் உதறுகிற முன்பே கியரை இறக்குங்கள், கத்துகிற முன்பே ஏற்றுங்கள். தூரத்தில் சிக்னல் சிவப்பாக இருந்தால் இப்போதே காலை எடுத்துவிடலாம்; பிரேக் கட்டையும் மிச்சம்.

13. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும். பெட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கிற நம் வண்டிக்கு 50 முதல் 60 கிலோமீட்டர் வேகமே லாபம். பைபாஸில் விரட்டினால் பத்து நிமிஷம் முன்னால் போகலாம், கிடைத்த லாபம் டீசலில் போய்விடும்.

14. தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டால் அதுவும் காற்றுப் பிடிக்கிற பாய்தான். நாலு மூலையும் இறுக்கி, நடுவில் ஒரு கயிறு குறுக்கே போடுங்கள். லோடைக் கேபின் உயரத்துக்குள் பரத்தி அடுக்க முடிந்தால் நல்லது. கேபின் மேலிருக்கும் பெரிய பெயர்ப் பலகையும் தேவையில்லாத கேரியரும் சும்மா காற்றைத் தடுப்பவை.

15. பின்னால் என்னென்ன கிடக்கிறது என்று ஒருநாள் இறக்கிப் பாருங்கள்: பழைய சங்கிலி, ஓட்டை டயர், நாலு செங்கல், போன மழையில் நனைந்த மண். அத்தனையும் தினம் ஓசியில் ஊர் சுற்றுகின்றன. ஆர்.சி.யில் லோடோடு உள்ள எடையிலிருந்து வெறும் வண்டி எடையைக் கழித்தால், எவ்வளவு ஏற்றலாம் என்று தெரியும். அதற்கு மேல் ஏற்றினால் டீசலோடு ஸ்பிரிங் பட்டையும் அபராதமும் சேர்ந்து செலவு வைக்கும்.

16. சுமை ஏற்றும்போது, ரயில்வே கேட்டில் நிற்கும்போது இன்ஜினை அணைத்துவிடுங்கள். 'அணைத்தால் ஸ்டார்ட் ஆகாது' என்ற பயம் இருந்தால் கோளாறு பேட்டரியிலோ செல்ஃப் மோட்டாரிலோ இருக்கிறது. அதைச் சரி செய்கிற செலவு, நின்ற இடத்தில் எரிக்கிற டீசலிலேயே திரும்பிவிடும்.

17. மலை இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பம்ப் டீசலையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் நிற்காமல் இருக்கக் கொஞ்சம் எரியும். 70 கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலையில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். சின்ன கியர்தான் காப்பாற்றும்.

18. டீசல் பைப்பில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடும் என்பவரிடம் கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள். அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி 100-க்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தும் பெரிய பலன் தருகிற ஒன்றையும் காணவில்லை. மண்ணெண்ணெய் கலப்பது அதைவிட மோசம். டீசல் தரும் வழவழப்பு இல்லாமல் பம்ப் தேய்ந்துபோகும்.

19. எல்லாவற்றையும் விடப் பெரிய மிச்சம் வெறும் வண்டியாகத் திரும்பாமல் இருப்பது. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றி மதுரையில் இறக்கினால், திரும்பும்போது மளிகையோ, காலி டிரேயோ, ஒரு வீட்டுச் சாமானோ கிடைக்குமா என்று முதல் நாளே நாலு பேருக்கு போன் போட்டு வையுங்கள். வாடகை பாதிதான் கிடைத்தாலும் சரி, டீசல் காசு வந்துவிடும். அன்றைய முதல் லோடின் வாடகை அப்படியே வீட்டுக்கு.