தபாலில் தொலையும் கார்டுகள்

கேள்வி: அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விலைபோகும் பேஸ்பால், போகிமான் கார்டுகள் தபாலில் காணாமல் போகின்றனவாமே! டிராக்கிங் எண் இருந்துமா?

பதில்: இருந்தும்தான். பொருள் கடைசியாக எங்கே ஸ்கேன் ஆனது என்றுதான் டிராக்கிங் எண் சொல்லும். யார் கையில் இருந்தது என்று சொல்லாது. இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவே யாரும் பொறுப்பில்லாத நேரத்தில்தான் பொருள் தொலைகிறது. எல்லாமே திருட்டும் அல்ல. கெட்டி பிளாஸ்டிக் உறையிலிட்ட கார்டைச் சாதாரணக் கவரில் போட்டால், கடிதம் பிரிக்கும் இயந்திரத்தில் வளையாமல் சிக்கிக் கவர் கிழியும். கார்டு ஒரு பக்கம், விலாசம் ஒரு பக்கம்.

இதற்கு வழி பதிவுத் தபால். 1958-ல் நியூயார்க் நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன், புகழ்பெற்ற ஹோப் வைரத்தையே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் பதிவுத் தபாலில்தான் அனுப்பினார்; பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவில் பதிவுத் தபால் பார்சலைக் காகித நாடாவால் ஒட்டி, ஒட்டின் மேலேயே முத்திரை குத்துவார்கள். கை மாறும்போதெல்லாம் கையெழுத்து. தாமதமாகும் என்பார்கள். ஆகட்டுமே, எழுபது வருடப் பழைய கார்டுக்கு என்ன அவசரம்? காப்பீடு போதாதா என்றால், விலைக்கு ஆதாரம் காட்டினால்தான் பணம் வரும், கார்டு வராது. பதிவுத் தபாலில்கூடக் காப்பீட்டின் உச்சவரம்பு 50,000 டாலர்தான். பேஸ்பால் வீரர் மிக்கி மாண்டிலின் 1952-ம் வருடக் கார்டு ஒன்று 2022-ல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதையெல்லாம் ஆள் மூலம் கொண்டுபோவதே சரி. மற்றவற்றைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது இன்னதென்று மேலே எழுத வேண்டாம்.