கொலைப்பாட்டைக் குறைக்காதே

அன்புள்ள மக்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பங்குனிக் கோயில் கொடைக்கு உன்னை அழைத்த கமிட்டிக்காரர்கள், “இசக்கி கதை பாடுங்க, ஆனா அந்தக் கொலையை மட்டும் ஒதுக்கிருங்க. ஒன்றரை மணி நேரந்தான் இருக்கு, பிள்ளைங்களும் பயப்படும்” என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதை எடுத்துவிட்டால் கதைக்கு என்ன குறை வந்துவிடும் என்றும் கேட்டிருக்கிறாய். கதையே இல்லாமல் போய்விடும் மக்ளே. ஏன் என்று நிதானமாகச் சொல்கிறேன், கேள்.

நம் வில்லுப்பாட்டில் ஏறும் கதைகளில் ஒரு வகை, தெய்வம் பிறந்து வந்த கதை. இன்னொரு வகை, மனிதர் வெட்டுப்பட்டும் குத்துப்பட்டும் செத்துத் தெய்வமான கதை. நாகர்கோவில் பக்கத்துக் கொடைகளைக் கேட்டு ஆராய்ந்து 1988இல் புத்தகம் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் ஒன்றைக் கவனித்தார்: சாவைப் பாடும் இடத்தில்தான் சாமியாட்டம் உச்சத்துக்குப் போகிறது. நம் ஆசான்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். செத்தவள் எப்படிச் செத்தாள் என்று சொன்னால்தான் அவள் வருவாள். வெறும் புகழ்ச்சிக்கு இறங்கி வருகிற தெய்வமில்லை அவள்.

பாவம் என்பதை இந்த மண் எப்படியெல்லாம் கையாண்டிருக்கிறது என்று யோசித்துப் பார். சுசீந்திரத்துக்குப் பெயர் வந்ததே, அகலிகையிடம் தவறிய இந்திரன் அங்கே சுத்தமானான் என்ற புராணத்தால்தான். அதே கோயிலில் கைமுக்கு என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும். வெந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் சுத்தன். 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் ஆட்சியில் அதை நிறுத்தினார்கள். 1729இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா, போர்களில் சேர்ந்த பாவத்துக்குக் கழுவாயாகவே ஆறாண்டுக்கு ஒருமுறை 56 நாள் வேத மந்திரம் ஓதும் முறைஜபத்தைத் திருவனந்தபுரத்தில் ஏற்படுத்தினார் என்று சொல்வார்கள்.

இவை எல்லாவற்றிலும் கேள்வி ஒன்றுதான்: செய்தவன் சுத்தமாகிவிட்டானா? பட்டவளைப் பற்றியோ செத்தவனைப் பற்றியோ அங்கே பேச்சில்லை. இந்திரனுக்கு விமோசனம் கிடைத்தது, அகலிகைக்கு என்ன கிடைத்தது? புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ எழுதியது இந்த இடத்தில் நின்றுதான். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் ராமன் என்று கேட்டதும் அவருடைய அகலிகை மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். சாபம் தீர்ந்தாலும் பட்டது தீரவில்லை.

வில்லுப்பாட்டு இந்தக் கேள்வியை அப்படியே திருப்பிப் போட்டது. அதனால்தான் இந்தக் கலையை நான் கும்பிடுகிறேன். மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் கொல்லப்பட்ட பப்புத்தம்பியும் ராமன்தம்பியும் அரசாங்கக் கணக்கில் கலகக்காரர்கள். நம் தம்பிமார் கதையில் அவர்கள் கண்ணீரோடு நினைக்கப்பட வேண்டியவர்கள். மந்திரம் அரசனின் பாவத்தைக் கழுவியது. வில்லோ செத்தவர்களின் பெயரைக் காப்பாற்றி வைத்தது.

இனி நீ பாடப்போகும் இசக்கியான நீலிக்கு வருகிறேன். வடக்கே திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரில் நடந்ததாகச் சம்பந்தர் தேவாரத்திலேயே குறிப்பு உள்ள பழங்கதை அது. நம் பாட்டில் ஊர் பழகைநல்லூர், அவள் குடிகொண்ட இடம் முப்பந்தல். ஒருவனை நம்பி வந்தவள் காட்டுவழியில் களைத்து, அவன் மடியில் தலைவைத்துத் தூங்குகிறாள். நகைக்கு ஆசைப்பட்டவன் என்ன செய்கிறான்? மணலைக் கூட்டி, அவள் விழித்துவிடாதபடி தலையை மெல்லத் தூக்கி அதன்மேல் வைக்கிறான். அப்புறம்தான் கல்லை எடுக்கிறான். பக்கத்தில் நின்ற கள்ளிச்செடி மட்டுமே சாட்சி.

அந்த மணல் தலையணையை ஒருபோதும் விட்டுவிடாதே. அதைக் கூட்டிய கையும் கல்லைத் தூக்கிய கையும் ஒன்று. கொன்றவனை அரக்கனாக்கிப் பாடினால் கேட்பவர்களுக்கு நிம்மதியாக இருக்கும், ‘நாம் அப்படி இல்லையே’ என்று எழுந்து போய்விடுவார்கள். அவனுக்கும் பாசம் இருந்தது, தூங்குகிறவளை எழுப்பாமல் தலையை இறக்கத் தெரிந்திருந்தது என்று பாடு. அப்போதுதான் பந்தலில் இருக்கிற ஒவ்வொருவரும் தன் கையைப் பார்ப்பார்.

அடுத்த பிறவியில் வணிகனாக வருகிறவனைத் தன் புருஷன் என்று சொல்லி, கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நீலியாக வந்த அவள் வழக்காடுகிறாள். அவன் பயந்து நடுங்குகிறான். ஊரின் எழுபது பேரும், “உன் உயிருக்கு நாங்கள் பிணை” என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஓர் அறைக்குள் அனுப்புகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீக்குள் இறங்குகிறார்கள்.

இந்த இடத்தைப் பலரும் நாலு வரியில் ஓட்டிவிடுகிறார்கள், நீ ஓட்டாதே. மதுரையில் தீர்ப்புத் தவறியது என்று தெரிந்ததும் பாண்டியன் ஒருவன் விழுந்து செத்தான். இங்கே எழுபது பேர். அவர்கள் யாரும் கொலை செய்யவில்லை, பொய் சொல்லவில்லை. பிள்ளையோடு அழுத பெண்ணை நம்பினார்கள், அவ்வளவுதான். ஆனாலும், ‘எங்களுக்குத் தெரியாதே’ என்று ஒருவர்கூட ஒதுங்கவில்லை. தெரியாமல் செய்தாலும் விளைவு என்னுடையது என்று ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். நீலியின் நியாயத்தைப் பாடும்போதே, அந்த நியாயத்துக்காக எழுபது வீட்டில் அடுப்பு அணைந்ததையும் பாடு. பழி தீர்ந்தது என்று குரவை ஒலிக்கும் நேரத்திலும் அந்த வீடுகளை மறந்துவிடாதே.

நான் செய்த ஒரு தவற்றையும் உன்னிடம் சொல்லியாக வேண்டும். எனக்கு அப்போது உன் வயதுதான். ஒரு குடும்பக் கோயிலில் கன்னிக்குக் கொடை. தலைமுறைகளுக்கு முன்னால் அந்த வீட்டாரே கொன்ற பெண்பிள்ளை அவள். வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, “சம்பந்திமார் வந்திருக்காங்க, அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போயிரு” என்றார். நானும் தாண்டிப் போய், நாட்டு வளத்தை நீட்டி, வாழி பாடி முடித்தேன். நல்ல கைத்தட்டல். வில்லை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு ஆச்சி ஒருத்தி தூணைப் பிடித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்தாள்.

“எல்லாம் பாடினே. எங்க பிள்ளை எப்படிச் செத்தாள்னு சொல்லலியே?” என்றாள். கோபமே இல்லாத குரல். “வருசத்துக்கு ஒரு நாள்தான் நாங்க அதைக் கேக்கது. அதையும் கேக்காட்டா நாங்க என்னன்னு கும்பிட?”

நான் வாயடைத்துப் போனேன். கொன்ற குடும்பமே கொன்றதை ஊரறியக் கேட்டுக்கொண்டு கும்பிடுவதுதான் கொடை என்று எனக்கு அந்த ஆச்சி சொல்லித்தான் தெரிந்தது. படையலும் பூமாலையும் அதற்கு அப்புறம்தான். கொலையை மறைத்துவிட்டுப் பூப்போட்டால், ஒருதடவை கொல்லப்பட்டவளை இன்னொரு தடவை கொன்ற மாதிரி. அன்றைக்கு அந்த இரண்டாவது கொலையில் எனக்கும் பங்கு இருந்தது.

ஆகவே கமிட்டிக்காரர்களிடம் மரியாதையாகப் பேசு. காப்பைச் சுருக்கு, அவையடக்கத்தைச் சுருக்கு, நாட்டு வளத்தில் பாதியை விடு, வேடிக்கைப் பேச்சை மொத்தமாக விட்டுவிடு. நேரம் தானாகக் கிடைக்கும். கொலைக்கு வரும்போது சினிமா மெட்டு வேண்டாம். குடத்தை நிறுத்தச் சொல், உடுக்கு மட்டும் மெல்ல ஓடட்டும். மணல் கூட்டுகிற இடத்தில் வீசுகோலைக் கீழே வைத்துவிட்டு வசனமாகவே சொல். ரத்தத்தை வர்ணிக்காதே; பிள்ளைகள் பயப்படுவது அதற்குத்தான், கதைக்கு இல்லை. முடிந்ததும் நீதி சொல்லாதே. கொஞ்ச நேரம் சும்மா இரு. வில்மணிகள் அடங்கட்டும்.

அந்த எழுபது பேர் ஓர் உயிருக்குப் பிணை நின்றார்கள். வில்லுக்கு முன்னால் உட்காரும்போது நீயும் ஒருத்திக்குப் பிணை நிற்கிறாய்: அவள் இப்படித்தான் செத்தாள் என்பதற்கு. அந்த வாக்கை மட்டும் தவறவிடாதே மக்ளே. எந்த ஆச்சியும் கொடை முடிந்து உன்னிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்கும்படி வைத்துவிடாதே.

அன்புடன்,
உன் ஆசான்