மூட்டு வலியும் ராத்தூக்கமும்



உங்கள் வீட்டில் வயதான தாயோ மாமியாரோ இருக்கிறாரா? சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் என்றால், அவர் தீப்பெட்டி ஆபீசிலோ பட்டாசு ஆபீசிலோ பல வருஷம் தரையில் உட்கார்ந்தே வேலை பார்த்தவராக இருக்கலாம். "ராத்திரி பூரா கண்ணு மூடலை, முட்டி குடையுது" என்று அவர் விடியற்காலையில் சொன்னால், "வயசானா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வேன் ஏறப் போய்விடுகிறோம்.

வலியால் தூக்கம் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தூக்கம் கெட்டாலும் வலி கூடும் என்பது பலருக்குத் தெரியாது. சரியாகத் தூங்காதவருக்கு அதே வலி அதிகமாக உறைக்கிறது. முட்டித் தேய்மானம் நேற்று இருந்த அளவுதான். ஆனால் தூங்காத மறுநாள் கூடுதலாக நோகும்.

அமெரிக்காவில் 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், மூட்டுத் தேய்மானமும் தூக்கமின்மையும் உள்ள 51 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தூக்கப் பழக்கத்தை மட்டும் கற்றுக் கொடுத்தார்கள். வலியைப் பற்றி எதுவும் சொல்லித் தரவில்லை. தூக்கமும் சீரானது, வலியும் குறைந்தது. பிறகு நடந்த பெரிய ஆய்வுகளில் தூக்கம் நன்றாகவே சீரானது. வலி அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆகவே வலி அடியோடு போய்விடும் என்று எண்ண வேண்டாம்.

பகலில் அரை மணிக்கு மேல் படுக்க விடாதீர்கள். காலையில் தினமும் ஒரே நேரத்தில் எழுப்புங்கள். பொழுது சாய்ந்த பின் டீ, காப்பி வேண்டாம். போயிலையும் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் வராமல் புரண்டால், எழுந்து சற்று உட்கார்ந்திருந்து, கண் சொருகியபின் படுக்கட்டும். ஒருக்களித்துப் படுப்பவருக்கு முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை வையுங்கள். தரையிலிருந்து எழ முடியாதவருக்குக் கட்டில் கொடுங்கள். கக்கூஸ் போகும் வழியில் சின்ன விளக்கு எரியட்டும்.

இன்னொன்று நம் கையில் இருக்கிறது. ஒற்றை அறை வீட்டில் பத்தரை மணி வரை டிவி அலறினால் அந்த அம்மா எப்படித் தூங்குவார்?

கடையில் கேட்டு வாங்கும் 'செட் மாத்திரை' வேண்டாம். வலி மாத்திரையை நாள்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். தூக்க மாத்திரை சாப்பிட்ட முதியவர் ராத்திரி எழும்போது தடுமாறி விழலாம்.

மூட்டு வீங்கிச் சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் இருந்தாலோ, காலையில் விறைப்பு ஒரு மணி நேரமாகியும் விடாவிட்டாலோ ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துப் போங்கள். வீட்டில் இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.