வயிற்றுப்புண்ணுக்கு முழங்காலைக் கேள்

அன்புள்ள தம்பி,

செங்கத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். மனம் நிறைந்தது. இந்நேரம் உனக்கே தெரிந்திருக்கும், உன் அறைக்கு வருகிறவர்களில் பலர் நோயின் பெயரைத் தாங்களே சொல்லிக்கொண்டுதான் உட்காருவார்கள். "அல்சர் சார்." "வயித்துல புண்ணு, எரியுது." "கேஸ் ஏறி நெஞ்சை அடைக்குது." வெளியே வரிசை நீண்டு நிற்கும். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் எழுதி அனுப்ப அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில் நீ கேட்காமல் விடக்கூடிய கேள்விகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

குடல் வீங்கிச் சிவந்து புண்ணாகிறது என்றால், உடல் எதையோ எதிர்த்து நிற்கிறது என்று பொருள். அது கிருமியாக இருக்கலாம், மருந்தாக இருக்கலாம், சாராயமாக இருக்கலாம். சிலருக்கு உடலின் காவலே குடலுக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. அமிலத்தைக் குறைத்தால் எரிச்சல் அடங்கும். எதிர்ப்புக்குக் காரணமானது அங்கேயே இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. நாற்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி, பீடி பிடிப்பவர் இவர்களில் யார் வந்து மேல்வயிறு அடைக்கிறது, வியர்க்கிறது என்றாலும் முதலில் இசிஜி எடு. மாரடைப்பின் கீழ்ச்சுவர் வகை வயிற்றுவலியாகவே வரக்கூடும். கேஸ் என்று ஓமவாட்டர் குடித்துவிட்டுப் படுத்தவர்களை நம் ஊர்கள் இழந்திருக்கின்றன.

இசிஜி சரியாக இருந்தால், அடுத்து முழங்காலைப் பற்றிக் கேள். இடுப்பைப் பற்றிக் கேள். தலைவலியைப் பற்றிக் கேள். மணிலாக்கொட்டை பிடுங்குகிற, நாற்று நடுகிற, மலையிலிருந்து விறகும் புளியும் சுமந்து இறங்குகிற பெண்களுக்கு மூட்டுவலி இல்லாமல் இருக்காது. அவர்கள் உன்னிடம் வருவதற்கு முன்பே மருந்துக்கடைக்குப் போய் 'ஒரு செட்டு மாத்திரை' வாங்கியிருப்பார்கள். காகிதத்தில் மடித்துத் தரும் அந்தச் செட்டில் டைக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ இருக்கும். சின்ன வெள்ளை மாத்திரையாக டெக்ஸாமெத்தசோனும் சேர்ந்திருக்கலாம். வலிநிவாரணியும் ஸ்டீராய்டும் ஒன்றாகச் சேரும்போது இரைப்பைப் புண்ணுக்கான ஆபத்து தனித்தனியே தருவதைவிடப் பல மடங்கு ஏறுகிறது.

ஏன் என்பதை 1971-இல் ஜான் வேன் காட்டினார். ஆஸ்பிரினும் அதன் இனத்து மருந்துகளும் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன. அதனால்தான் வலி குறைகிறது. இரைப்பையின் சளிப்படலமும் பைகார்பனேட்டும் உட்சுவரின் ரத்த ஓட்டமும் அதே புரோஸ்டாகிளாண்டினை நம்பித்தான் இருக்கின்றன. முழங்காலுக்குக் கிடைக்கும் நிம்மதிக்கு இரைப்பை விலை கொடுக்கிறது. வேனுக்கு 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் "மாத்திரை வேணாம், வயிறு எரியும், ஊசியே போடுங்க" என்று கேட்பவருக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போடுகிற இடங்கள் இருக்கின்றன. மருந்து ரத்தத்தின் வழியாகவே சளிப்படலத்தை நலிய வைக்கிறது. ஊசி இரைப்பையைத் தப்பவிடாது. இதை நோயாளிக்குப் பொறுமையாகச் சொல். ஒரு முறை புரிந்துவிட்டால் அவர் தெருவுக்கே சொல்வார்.

மாத்திரையை நிறுத்து என்று மட்டும் சொல்லி அனுப்பாதே. வலி போகாத வரை அவர் அதே கடைக்குத்தான் திரும்புவார். பாராசிட்டமால், பூசும் களிம்பு, தொடைத் தசைக்கான பயிற்சி, சூட்டு ஒத்தடம் என்று வேறு வழி ஒன்றைக் கையில் கொடு. இதயத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் சாப்பிடுபவர் என்றால் அதை நீயாக நிறுத்திவிடாதே. இரைப்பையைக் காக்கும் மாத்திரையைச் சேர்த்துக் கொடு. மலம் தார் போலக் கறுத்துப் போகிறதா என்பதை எல்லோரிடமும் கேள், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார்களா என்றும் சேர்த்தே கேள். வலியே இல்லாமல் ரத்தம் கசியும் புண்கள் உண்டு, முதியவர்களிடம் அவை அதிகம்.

வலிநிவாரணி இல்லை என்றால் அடுத்த சந்தேகம் ஹெலிகோபாக்டர் பைலோரி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியலாளர் அழற்சி கண்ட இரைப்பைத் துணுக்குகளில் ஒரு வளைந்த பாக்டீரியாவைத் தொடர்ந்து பார்த்துவந்தார். இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று உலகம் நம்பிய காலம் அது. 1982-இல் ஈஸ்டர் விடுமுறையால் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் விட்டுவைக்கப்பட்ட தட்டில்தான் அது முதன்முதலில் வளர்ந்தது. அவரோடு சேர்ந்து உழைத்த இளம் மருத்துவர் பாரி மார்ஷல், யாரும் நம்பாததால் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். சில நாட்களில் அவருடைய இரைப்பை அழற்சி கண்டது. 2005-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். காரத்தையும் கவலையையும் மட்டுமே குற்றம் சொல்லிக்கொண்டிருந்த காலம் அதோடு முடிந்திருக்க வேண்டும். நம் ஊரில் இன்னும் முடியவில்லை. மிளகாய் எரிச்சலைக் கூட்டும், புண்ணை உண்டாக்காது. காரத்தை விடு என்ற அறிவுரையோடு நோயாளியை அனுப்பிவிட்டால் கிருமி உள்ளே சுகமாக இருக்கும்.

நம் நாட்டில் வயது வந்தவர்களில் பெரும்பாலோரிடம் இந்தக் கிருமி இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோருக்குப் புண் வருவதில்லை. அதனால் எல்லோரையும் சோதிக்கத் தேவையில்லை. புண் இருப்பவரை, ரத்தம் கசிந்தவரைச் சோதிக்காமல் விடக் கூடாது. இங்கேதான் அந்த அரை நிமிடச் சீட்டு வேறொரு கெடுதலும் செய்கிறது. பான்டோபிரசோல் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்குச் சோதனை பொய்யாக 'இல்லை' என்று காட்டலாம். சோதனைக்கு முன் அதை இரண்டு வாரமும், ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். கிருமி உறுதியானால் 14 நாள் சிகிச்சையை முழுதாக முடிக்கச் சொல். இங்கே கிளாரித்ரோமைசினுக்கும் மெட்ரோனிடசோலுக்கும் எதிர்ப்பு வளர்ந்துவிட்டதால், சிகிச்சை முடிந்து ஒரு மாதம் கழித்து மறுபடி சோதிப்பதும் அவசியம்.

இனி என்னை மிகவும் கவலைப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். இருபது, முப்பது வயதில் ஒருவர் வருவார். மாதக்கணக்கில் வயிற்றுவலி, எடை இறங்கியிருக்கும், சாயங்காலம் காய்ச்சல், சாப்பிட்டதும் வயிற்றில் பந்து உருள்வது போல இருக்கிறது என்பார். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் புண்ணும் சுருக்கமும் இருக்கும். அது காசநோயாக இருக்கலாம், கிரோன் நோயாகவும் இருக்கலாம். கிரோன் நோயை 1932-இல் நியூயார்க் மருத்துவர்கள் விவரித்தபோது அங்கே அது புதிது. நம் நாட்டில் காசநோய் எப்போதும் உண்டு, கிரோனும் இப்போது கூடிவருகிறது. இரண்டும் எண்டோஸ்கோப்பியில் ஒன்றுபோலத் தோன்றும். துணுக்கில் பெரிய, ஒன்றோடொன்று இணைந்த, நடுவில் அழுகிய திரள்கள் (கிரானுலோமா) இருந்தால் காசநோயின் பக்கம் சாயலாம். சிறிதாக, தனித்திருந்தால் கிரோன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சிஎம்சி) நோய்க்குறியியலாளர்கள் இந்த வேறுபாட்டைப் பல காலம் நுணுகிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

ஒன்றை மற்றதாக எடுத்துக்கொண்டால் வரும் கேடு சமமானதல்ல. கிரோனுக்கு ஸ்டீராய்டு மருந்து. காசநோய்க்கு அதே ஸ்டீராய்டைத் தனியாகக் கொடுத்தால் சில நாள் தேறியது போல இருக்கும், பிறகு கிருமி உடலெங்கும் பரவக்கூடும். செட்டு மாத்திரையின் வெள்ளை மாத்திரையை இங்கே மறுபடி நினைத்துக்கொள். மார்பு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று காசநோயை ஒதுக்கிவிடாதே. குடல் காசநோயில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நுரையீரல் சுத்தமாகவே இருக்கும். திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பு, துணுக்கு எடுத்த பிறகே மருந்து தொடங்கட்டும். ஐயம் தீராதபோது காசநோய் மருந்தை இரண்டு மூன்று மாதம் கொடுத்து, மறுபடி குடலைப் பார்த்துப் புண் ஆறியிருக்கிறதா என்று அறிவதும் ஏற்கப்பட்ட வழிதான். ஆனால் மறுபடி பார்ப்பதை விட்டுவிட்டால் கிரோன் நோயாளி வீண் மருந்தில் காலம் கழிப்பார், அதற்குள் குடல் சுருங்கி அடைத்துவிடும்.

நீ இருக்கும் மண்ணுக்குக் குடல் நோயில் ஒரு வரலாறு உண்டு. 1960-களின் தொடக்கத்தில், செங்கமும் அடங்கியிருந்த அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் ஆறாத வயிற்றுப்போக்கு கொள்ளைநோயாகப் பரவியது. சித்த வைத்தியர்கள் கிராணி என்பதைப் போன்ற நோய். உணவு உடம்பில் ஒட்டாமல் ஆட்கள் மெலிந்து ரத்தசோகை கண்டார்கள், பலர் இறந்தார்கள். சிஎம்சியின் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் கிராமங்களுக்கே சென்று வீடு வீடாகப் பதிவு செய்தார்கள். நோய் குடும்பம் குடும்பமாக வந்தது, குழந்தைகளைவிடப் பெரியவர்களை அதிகம் தாக்கியது. தொற்று என்று ஐயப்பட எல்லாக் காரணமும் இருந்தது, ஆனால் தனி ஒரு கிருமி பிடிபடவில்லை. டெட்ராசைக்ளினும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் பலரைத் தேற்றின.

அந்த ஆய்வில் என்னை அதிகம் உலுக்கியது நோயாளிகளின் குடல் அல்ல. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்த, நோயில்லாத கிராமத்தாரின் குடலிலும் சத்தை உறிஞ்சும் விரலிகள் குட்டையாகி, வெள்ளணுக்கள் மொய்த்திருந்தன. பேதி இல்லை, வலி இல்லை, ஆனால் அழற்சி இருந்தது. அசுத்தமான நீரும் மண்ணும் பிறந்த நாள் முதல் உள்ளே போய்க்கொண்டிருந்தால் குடல் ஓயாமல் எதிர்த்துக்கொண்டே இருக்கிறது. வளர்ச்சி குன்றிய குழந்தைகளிடமும், வாய்வழிச் சொட்டு மருந்து சரியாகப் பிடிக்காத குழந்தைகளிடமும் இதற்குப் பங்கிருக்கிறது என்று இன்று கருதுகிறார்கள். ஜமுனாமரத்தூர்ப் பக்கத்திலிருந்து இறங்கிவரும் தாய், பிள்ளை சாப்பிடுகிறான் ஆனால் தேறவில்லை என்பாள். அவளிடம் என்ன ஊட்டுகிறாய் என்று கேட்பதோடு எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறாய் என்றும் கேள்.

இணையத்தில் படித்துவிட்டு 'குளூட்டன்' பற்றிக் கேட்கிறவர்களும் வருவார்கள். 2016-இல் வெளிவந்த நாடளாவிய ஆய்வில் சீலியாக் நோய் வடக்கே 1.23 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம். அதற்குரிய மரபணு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான், கோதுமை உண்ணும் அளவுதான் வேறு. அரிசியும் சாமையும் உண்ணும் ஊரில் முதலில் தேட வேண்டியது அதுவல்ல.

இவ்வளவுக்கும் நேரம் எங்கே என்று கேட்பாய். கூட்டம் உண்மை, உன் களைப்பும் உண்மை. முதல் வாரம் ஒரு காரியம் மட்டும் செய்: அல்சர் என்று வரும் ஒவ்வொருவரின் ஓ.பி. சீட்டிலும் மருந்தின் பெயரை எழுதுவதற்கு முன் அவர் சாப்பிடும் வலிமாத்திரை, குடி, எடை, காய்ச்சல், மலத்தின் நிறம், குடிக்கும் தண்ணீர் இவற்றை ஒரே வரியில் எழுது. வார முடிவில் அந்தச் சீட்டுகளில் கண்டதை எனக்கு எழுதி அனுப்பு. பெயர்கள் வேண்டாம், காரணங்கள் போதும்.

அன்புடன்,
உன் மூத்த சகமருத்துவன்